கண்ணுக்குள் ஓர் அடைப்பு

இரவு நல்ல பார்வையோடு உறங்கச் சென்றவர், காலையில் கண் விழிக்கும்போது ஒரு கண்ணில் மட்டும் மங்கல் படர்ந்திருக்கக் காண்கிறார். வலி இல்லை, சிவப்பும் இல்லை. வயதின் தளர்ச்சி என்றோ, கண்புரை என்றோ எண்ணி நாள்களைக் கடத்திவிடுகிறார். அது விழித்திரையின் சிரையில் நேர்ந்த அடைப்பாக இருக்கலாம். 50 வயதைக் கடந்தோரிடமே இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது.

இவ்வடைப்பு எவ்வாறு உண்டாகிறது? குழாய்க்குள் இரத்தம் உறைவதற்கு மருத்துவர்கள் மூன்று காரணங்களைக் கூறுவர்: ஓட்டம் தளர்தல், குழாயின் உட்சுவர் பழுதுறல், இரத்தத்தின் தன்மை மாறுதல். ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்கோவின் (1821–1902) பெயரால் வழங்கும் இம்மூன்றும் விழித்திரையில் ஒன்றுகூட இடமுண்டு.

அங்குத் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடங்களில் இரண்டையும் ஒரே உறை சூழ்ந்துள்ளது. உயர் இரத்த அழுத்தத்தால் தமனி தடித்து இறுகும்போது, மெல்லிய சிரை நசுங்குகிறது, ஓட்டம் தளர்கிறது.

இரத்தம் தண்ணீரைப் போன்றதன்று. கூழைத் துழாவினால் இளகும். அசையாது வைத்தால் தடிக்கும். இரத்தமும் அத்தகையதே. விரைந்தோடுகையில் தனித்தனியே செல்லும் சிவப்பணுக்கள், ஓட்டம் தளர்ந்ததும் காசுகளை அடுக்கினாற்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் இதற்குத் துணைபுரிகிறது. ஆகவே, தளர்ந்த ஓட்டம் இரத்தத்தைத் தடிக்கச் செய்கிறது. தடித்த இரத்தம் ஓட்டத்தை மேலும் தளர்த்துகிறது. சிவப்பணுக்கள் அளவிறந்து பெருகினும், உடலில் நீர் வற்றினும் இரத்தத்தின் தடிப்பு மிகும்.

சிரை அடைபட்டபின், தேங்கிய இரத்தமும் நீரும் விழித்திரையில் கசிகின்றன. நடுப்பகுதி வீங்கினால் பார்வை மங்குகிறது. இன்று கண்ணுக்குள் செலுத்தும் ஊசிமருந்துகளால் வீக்கம் தணிந்து, பலர் பார்வையை ஓரளவேனும் திரும்பப் பெறுகின்றனர். ஆனால் காலந்தாழ்த்துவது கேடு. மங்கல் தோன்றிய அன்றே கண் மருத்துவரை நாட வேண்டும். இரத்தத்தை இளக்கும் என நம்பித் தாமாகவே மாத்திரை உட்கொள்ளல் தகாது. உறைதலைத் தடுப்பது வேறு. இரத்தத்தின் தடிப்பைக் குறைப்பது வேறு.

கண்ணுக்கு மட்டும் மருந்திட்டு அமைந்துவிடலாகாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கண்ணின் உள்ளழுத்தம் ஆகியவற்றைச் சோதித்துக் கட்டுக்குள் வைப்பதும், புகைப்பதை விடுவதும் மறு கண்ணுக்கும் காவலாகும்.

அன்பர்களே, இரு கண்களும் திறந்திருக்கையில் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். ஆதலின், உங்கள் இல்லத்து முதியோரை, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நாள்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். அவ்வப்போது இதைச் செய்வது எளிது; செலவும் இல்லை.