சுரப்பிகளின் கதை – 7: வள்ளிக் குழியில் கிடைத்த மாத்திரை

இயற்கைப் புரோஜெஸ்டிரோனை விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும். அதனால்தான் செயற்கை வடிவங்கள் வந்தன. இது போன வாரமே பார்த்தது. மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு இதையும் ஏன் சேர்க்கிறார்கள் என்று இந்த வாரம் எழுத இருந்தேன். செனாய் கடைத்தெருவில் ஒரு பார்மசி என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

பால்குடம் எடுக்கப்போகிற அக்கா ஒருவர் குரலைத் தாழ்த்தி, “பூசத்துக்குத் தள்ளிப்போடுற மாத்திரை இருக்கா?” என்று கேட்டார். அடுத்து நின்ற மலாய் அம்மையார் உம்ராவுக்குப் போகிறாராம். அவர் கேட்டது ‘உபாட் தாஹான் ஹைட்’, அதாவது மாதவிடாயை நிறுத்திவைக்கும் மருந்து. இரண்டும் ஒரே மருந்துதான்: நோரெத்திஸ்டிரோன் என்ற செயற்கை வடிவம், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய 5 மில்லிகிராம் மாத்திரை.

1951 அக்டோபர் 15 அன்று மெக்சிகோவின் சின்டெக்ஸ் ஆய்வுக்கூடத்தில் லூயிஸ் மிராமொன்டெஸ் இதை உருவாக்கினார். கார்ல் ஜெராசியும் ஜார்ஜ் ரோசன்க்ரான்ஸும் உடன் உழைத்தவர்கள். மூலப்பொருள் காட்டுக் கிழங்கு! ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் தாவரவியல் புத்தகம் ஒன்றில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு, 1942இல் வெராக்ரூஸ் பக்கம் தேடிப் போனார். தோண்டிய கிழங்கு மூட்டைகள் திருட்டுப் போயின; போலீஸ்காரருக்குக் கையூட்டுக் கொடுத்து ஒன்றை மட்டும் மீட்டார். கிராம் 80 டாலர் விற்ற காலத்தில், இந்த வகைக் கிழங்கிலிருந்து மூன்று கிலோ புரோஜெஸ்டிரோன் எடுத்துக் காட்டியவர் அவர்.

அந்தக் கிழங்கு நம் வள்ளிக்கிழங்கின் குடும்பம். மலேசியப் பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்கள் ஓடும் நீரில் ஊறவைத்து நஞ்சு நீக்கித் தின்னும் காடோங்கும் அதே குடும்பம். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் நம்பிராஜன் கண்டெடுத்த குழந்தைதானே வள்ளி! அவள் கணவனின் திருவிழாவுக்குப் போகப் பெண்கள் விழுங்குவது, கிழங்கிலிருந்து பிறந்த மாத்திரை. இந்த வாரம் முழுக்க இதே நினைவுதான் எனக்கு. (கிழங்கைத் தின்றால் ஹார்மோன் கிடைக்காது, அந்த மாற்றம் ஆய்வுக்கூடத்தில்தான் நடக்கும்.)

சரி, மாத்திரைக்கு வருவோம். வழக்கமாக மாதவிடாய்க்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, தினம் மூன்று வேளை போடச் சொல்வார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும். மூன்று வேளை என்றால் நாளைக்கு 15 மில்லிகிராம். இதே மருந்தைக் கருத்தடைக்குத் தரும்போது நாளைக்கு 0.35 மில்லிகிராம்தான், நாற்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். 15 மில்லிகிராம் என்ற பெரிய அளவில் போடும்போது அதில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அந்தப் பார்மசிக்காரர், “கால்ல ரத்தம் கட்டியிருக்கா, புகை பிடிப்பீங்களா?” என்று கேட்ட பிறகே அடுத்த பேச்சுக்கு வந்தார். கேட்டது சரி.

ஈஸ்ட்ரோஜன் கதை அடுத்த வாரம். அதற்குள் ஒரு வேண்டுகோள்: பக்கத்து வீட்டில் மீந்த மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். பூசத்துக்கு முன்பே கிளினிக்குக்குப் போய், உங்கள் உடம்பின் பழைய கதையை முழுவதும் சொல்லிக் கேளுங்கள்.