மூன்றாம் நாள் அழுகை

டீயைக் குடித்துக்கொண்டே கேள் தம்பி. குழந்தை நன்றாக இருக்கிறது, பால் குடிக்கிறது, பிறகு ஏன் உன் மனைவி திடீர் திடீரென்று அழுகிறாள் என்றுதானே கேட்கிறாய்?

கர்ப்பம் முழுக்க அவள் உடம்பில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்கள் ஏறிக்கொண்டே வந்தன. அவற்றைப் பெருமளவு சுரந்தது நஞ்சுக்கொடி. பிரசவத்தில் அது வெளியே வந்ததும் மாதக்கணக்கில் ஏறியது சில நாட்களிலேயே இறங்கிவிடுகிறது. மூன்றாம் நாள் வாக்கில் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். தையல் இழுக்கும். பச்சைக் குழந்தை இரவும் பகலுமாக 8 முதல் 12 முறை பால் கேட்கும். ஒரு முறை கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, ஈரத்துணி மாற்றிப் படுக்க வைப்பதற்குள் அடுத்த முறைக்கான நேரம் வந்துவிடுகிறது.

அழாமல் என்ன செய்வாள்? பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு இது வரும். டாக்டர்கள் ‘பேபி ப்ளூஸ்’ என்பார்கள். காலையில் குழந்தையின் விரலைப் பிடித்துச் சிரித்தவள், பத்தியச் சோற்றைத் தட்டில் பார்த்ததும் தேம்புவாள். குழந்தை மேல் பாசம் இல்லை என்று இதற்கு அர்த்தமே இல்லை. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். “பச்ச உடம்புக்காரி அழலாமா” என்று அதட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அழுகையோடு குற்ற உணர்ச்சியையும் அவள் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

அந்த இரண்டு வாரக் கணக்கை மட்டும் மறந்துவிடாதே. அதைத் தாண்டியும் தணியவில்லை என்றால் அது வேறு. தூளியில் குழந்தை அயர்ந்து தூங்கும். பார்த்துக்கொள்ள அம்மாவும் பக்கத்தில் இருப்பார். அப்போதும் கண் மூட முடியாமல் மின்விசிறியையே பார்த்துக் கிடப்பாள். சாப்பாடு இறங்காது. “நான் இல்லாட்டியே புள்ளை நல்லா வளரும்” என்பாள். அதைச் சலிப்பில் சொன்ன பேச்சு என்று விட்டுவிடாதே. இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. சில மாதம் கழித்தும் தொடங்கலாம். இதை அடையாளம் காண, 1987-இல் எடின்பரோ பெயரில் வெளியான ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த ஏழு நாள் மனநிலை பற்றிப் பத்தே கேள்விகள். நம் கிராமத்துத் தாய்மார்களிடமும் தமிழிலேயே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். பேச்சு ஆலோசனையிலேயே பலர் தேறுகிறார்கள். மாத்திரை தேவைப்பட்டாலும் பயப்படாதே. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவை உண்டு.

அரிதாக, ஆயிரம் தாய்மார்களில் ஒருவர் இருவருக்கு, மனநிலை ஒரேயடியாகக் குலைந்துவிடும். இரவெல்லாம் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசுவது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்படுவது. காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நாளைக் கடத்தக் கூடாது. அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீ செய்ய வேண்டியதா? பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை நீ வாங்கிக்கொண்டு வெளி அறைக்குப் போ. அவள் ஒரே மூச்சாகச் சில மணி நேரம் தூங்கட்டும். வருகிறவர்கள் எல்லாரும் “பால் பத்துதா?” என்றே கேட்பார்கள். நீ அவள் தூங்கினாளா, என்ன நினைக்கிறாள் என்று கேள். பதிலுக்குப் புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிரு. யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் போடு. அரசின் டெலி மானஸ் சேவை, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போவீர்கள் இல்லையா, அன்றைக்குக் குழந்தையோடு சேர்த்து அவள் பேருக்கும் ஒரு ஓபி சீட்டுப் போட்டுவிடு.