குறைந்த எடை மீண்டும் கூடுவது ஏன்?

"மூன்று மாதம் வாயைக் கட்டி எட்டுக் கிலோ குறைத்தேன், தீபாவளிக்குள் அத்தனையும் திரும்பிவிட்டது" என வருந்துவோர் நம்மிடையே பலர் உளர். மனவுறுதி இல்லாதவர் என்று அவர்களைப் பிறர் ஏளனம் செய்வதுண்டு. ஆனால், குற்றம் முழுவதும் அவர்களுடையதன்று.

உடல் தன் கொழுப்பைப் பஞ்சகாலச் சேமிப்பாகவே காக்கிறது. கொழுப்புக் குறைந்தால், அதிலிருந்து சுரந்து பசியை அடக்கும் லெப்டின் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், எடை குறைத்த 50 பேரை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, ஓராண்டு கழிந்த பின்னரும் இம்மாற்றங்கள் நீடித்ததைக் காட்டியது. மேலும், மெலிந்த உடலுக்கு முன்னிலும் குறைந்த சக்தியே போதும். எனவே, பழைய அளவுச் சோறு இப்போது மிகையாகிவிடுகிறது.

உழைப்புக் குறைந்தாலும் இதே நிலைதான். விடியலில் பிரட்டுக்குச் சென்று, நிரை நிரையாக நடந்து பால் வெட்டியவர், கிள்ளான் பள்ளத்தாக்கில் காவலர் வேலைக்கு மாறுகிறார். நடை குறைகிறது, உணவோ குறைவதில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ரொட்டி சானாயும் கெட்டிப்பால் கலந்த தே தாரேக்கும் எந்நேரமும் கிடைக்கின்றன. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு ஆகிய நோய்களுக்கு இது வழிகோலுகிறது.

செய்ய வேண்டியவை யாவை?

பட்டினி வேண்டா, ஆண்டு முழுவதும் கடைப்பிடிக்கக்கூடிய உணவுமுறையே நிலைக்கும். சுகாதார அமைச்சு கூறும் "கால், கால், அரை" முறை எளியது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கனி. தேநீரில் சீனியையும் கெட்டிப்பாலையும் குறைத்திடுக. நாள்தோறும் வேகமாக நடந்திடுக. வெட்டிய பாலை நாள்தோறும் நிறுப்பது போல், உடலையும் வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்திடுக. இரண்டு கிலோ கூடியவுடன் விழித்துக்கொண்டால் திருத்துவது எளிது. பத்துக் கிலோ கூடிய பின் கடினம்.

இனிப்புநீருக்கு மருந்து உண்போர், அரசாங்க மருந்தக மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தலாகாது. இரத்தத்தில் சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்து ஆபத்து நேரலாம்.

எண்பது கிலோ உடையவர் நான்கு கிலோ குறைத்து, அதைக் காத்து வந்தாலே இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் தணிய வாய்ப்புண்டு. எடை திரும்பினால் மனம் தளராது மீண்டும் தொடங்குக. குறைப்பது சில மாத வேலை. காப்பதோ வாழ்நாள் பழக்கம்.