முகாமுக்குச் சம்மதம் சொல்லும் முன்: சாரணர் முகாமில் என்ன நடக்கிறது?

ஜூன், டிசம்பர் விடுமுறை நெருங்கும்போது ‘பேரண்ட்ஸ் கேட்வே’ செயலியில் ஓர் அறிவிப்பு வரும். மூன்று பகல், இரண்டு இரவு முகாம். பிள்ளையை அனுப்பச் சம்மதமா? திரையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் அந்த ஒரு தட்டுக்குப் பல வீடுகளில் நாள்கணக்கில் யோசனை நடக்கிறது.

நான் உயர்நிலை ஒன்றில் படித்தபோது அது தாளாக வந்தது. அம்மா அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். எங்கே படுப்பாய், என்ன சாப்பிடுவாய், இரவில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மூன்று கேள்விகள் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தாளிலும் பதில் இல்லை. அதில் இருந்தவை தேதியும் கொண்டுவரவேண்டிய பொருள்களின் பட்டியலும்தான். கடைசி நாள் வரை கையெழுத்து விழவில்லை; நான் போகவில்லை.

அம்மா மறுத்தார் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மூன்று கேள்விகளோடு இன்றும் திரையைப் பார்த்தபடி இருக்கும் பெற்றோருக்காக இந்த விளக்கம்.

லிம் சூ காங் கரையோரம்

சிங்கப்பூரில் சாரணர் முகாம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சாரிம்புன் சாரணர் முகாம். தீவின் வடமேற்கில், லிம் சூ காங் வட்டாரத்தில், ஜாலான் பாஹ்தேராவில் ஜொகூர் நீரிணையை ஒட்டி அது இருக்கிறது. தேக்காவின் நெரிசலிலிருந்து கிளம்புபவருக்கு வழியே ஒரு பாடம். அடுக்குமாடிகள் குறைந்து, கல்லறைத் தோட்டங்கள், பண்ணைகள், மரங்கள் என்று காட்சி மாறிக்கொண்டே வரும். கடைசியில் கடல், எதிர்க்கரையில் ஜொகூர்.

இந்தக் கரைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1942 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியப் படைகள் நீரிணையைக் கடந்து சிங்கப்பூரில் இறங்கிய இடங்களுள் சாரிம்புன் கடற்கரை முக்கியமானது. அங்கே காவல் நின்றது ஆஸ்திரேலியாவின் 22வது படைப்பிரிவு. ஒரே வாரத்தில், பிப்ரவரி 15ஆம் தேதி, சிங்கப்பூர் வீழ்ந்தது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு பத்தியாகப் படிப்பதை, அதே இருட்டில் அதே கரையோரம் நின்று கேட்கும் பிள்ளை எளிதில் மறக்காது.

‘சாரணர்’ யார்?

சாரணர் என்ற சொல் தமிழுக்குப் புதிதன்று. ஊர் ஊராகச் சென்று அறம் உரைக்கும் சமண முனிவர்களைச் சிலப்பதிகாரம் சாரணர் என்கிறது. நாட்டு நடப்பை உலவி அறிந்துவரும் ஒற்றரையும் இச்சொல் குறித்திருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை, ஓரிடத்தில் தங்காமல் சென்றுகொண்டே இருப்பது. இளைய பிரிவினரைக் குருளையர் என்பது தமிழ்நாட்டு வழக்கம். விலங்குகளின் குட்டிகளுக்குத் தொல்காப்பியம் தரும் இளமைப் பெயர்களுள் ஒன்று குருளை.

இயக்கத்தின் தொடக்கமே ஒரு முகாம்தான். 1907 ஆகஸ்ட் மாதத்தின் முதல் வாரத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களைத் தங்கவைத்தார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்து நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். சிங்கப்பூரில் இயக்கம் 1910 ஜூலை 2ஆம் தேதி தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் ஃபிராங்க் கூப்பர் சாண்ட்ஸ். பெண்பிள்ளைகளுக்கெனச் சாரணியர் இயக்கமும் இங்கு உண்டு.

சென்னையின் கதை சற்று வேறு. இந்தியச் சிறுவர்களுக்கு அன்றைய சாரணர் இயக்கத்தின் கதவு எளிதில் திறக்கவில்லை. அதனால் அன்னி பெசண்ட் 1910களின் பிற்பாதியில் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். 1950இல் பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவாகும் வரை இந்தியாவில் பல அமைப்புகள் தனித்தனியே இயங்கின. இன்று நம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. வீட்டு வாசலில் நிற்கும் தயக்கம்தான் மிச்சம்.

எங்கே படுப்பார்கள்?

சில முகாம்களில் கூடமோ தங்கும் அறையோ இருக்கும். ஆனால் சாரணர் முகாமின் அழகு கூடாரத்தில்தான் இருக்கிறது. அதை அமைத்துத் தருபவர்கள் பெரியவர்கள் அல்லர். பிள்ளைகளே அமைக்க வேண்டும்.

இடம் தேர்ந்தெடுப்பதே முதல் பாடம். மழைநீர் தேங்கும் பள்ளம் கூடாது. காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி கூடாது. தரையில் கல்லும் வேரும் இருந்தால் இரவு முழுவதும் முதுகு சொல்லும். முளைகளை நேராக அடிக்காமல், தலைப்பகுதி கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாயும்படி அடிக்க வேண்டும். அப்போதுதான் கயிறு இழுத்தாலும் முளை பிடுங்கிக்கொள்ளாது. அவசரமாக அடித்த முளையின் பலன் இரவு மழையில் தெரிந்துவிடும். மறுநாள் யாரும் சொல்லாமலேயே பிள்ளை அதைத் திருத்தி அடிக்கும்.

என்ன சாப்பிடுவார்கள்?

பெரிய முகாம்களில் உணவு வெளியிலிருந்து வரவழைக்கப்படலாம். ஆனால் ஒரு வேளையாவது பிள்ளைகள் தாங்களே சமைப்பது வழக்கம். மெஸ் டின் எனப்படும் கைப்பிடி வைத்த சிறிய தகரப் பாத்திரம், திட எரிபொருள் வில்லை, காற்றைத் தடுக்கும் சின்ன அடுப்பு. இவைதான் சமையலறை.

பொங்கல் நாளில் லிட்டில் இந்தியாவில் பானை வைப்பதைப் பார்த்த பிள்ளைக்கு இந்தப் பாடம் பாதி தெரிந்ததுதான். நெருப்புக்குக் காற்று வேண்டும். ஆனால் காற்று அதிகமானால் சூடு பாத்திரத்தில் ஏறாது. அடுப்பின் வாய் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதைப் பாட்டிமார் கையாலேயே அறிந்திருந்தார்கள். முகாமில் பிள்ளை அதைத் தானே கண்டுபிடிக்கிறது.

நம் வீடுகளில் எழும் கேள்வி சைவம் பற்றியது. எல்லா நாளும் சைவம் உண்போர், வெள்ளிக்கிழமை மட்டும் சைவம் உண்போர், முட்டை சேர்ப்போர், சேர்க்காதோர் என்று வகைகள் பல. ‘சைவம்’ என்று மட்டும் படிவத்தில் எழுதினால் போதாது. முட்டை உண்டா இல்லையா என்பதையும், பாத்திரம் தனியாக வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். உடனடி நூடல்ஸின் சுவைப்பொடியில் இறைச்சிச் சாறு இருக்கலாம். பொட்டலத்தைப் படித்துப் பார்க்கப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம். கடலை, கடலுணவு போன்றவற்றால் ஒவ்வாமை இருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

கயிறும் கழியும்

முகாமில் நாற்காலி, மேசை, துணி காயவைக்கும் கொடி, நுழைவாயில் எல்லாமே கழியும் கயிறும்தான். ஆணி கிடையாது.

இரு கழிகள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் சதுரக் கட்டு போடுவார்கள். ஒரு கழியில் ‘கிளவ் ஹிட்ச்’ முடிச்சில் தொடங்கி, இரு கழிகளையும் சேர்த்து மூன்று சுற்று. பிறகு கழிகளுக்கு நடுவே, போட்ட சுற்றுகளின் மீதே இரண்டு மூன்று முறை குறுக்காகச் சுற்றி இறுக்குவார்கள். மீண்டும் கிளவ் ஹிட்ச் போட்டு முடிப்பார்கள். குறுக்குச் சுற்றைத் தவிர்த்தால் கட்டு பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆள் ஏறியதும் ஆடிவிடும். பந்தலும் சாரமும் கட்டியவர்கள் இருந்த குடும்பங்களில் இந்தக் கைவேலை தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். முகாமுக்கு முன் ஒரு மாலை அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

உயரமும் நீரும்

பெற்றோர் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். அந்த அச்சம் வீண் என்று சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் உயரக் கயிற்றுப் பாதையில் பள்ளி நடவடிக்கையின்போது 15 வயது மாணவர் ஒருவர் நிலைதவறித் தொங்கி, மறுநாள் உயிரிழந்தார். அது சாரணர் முகாம் அன்று. எனினும் அதையடுத்து, உயரம் சார்ந்த நடவடிக்கைகளைப் பள்ளிகளில் கல்வி அமைச்சு நிறுத்திவைத்தது.

கம்பியில் சறுக்கும் ‘ஃபிளையிங் ஃபாக்ஸ்’, கயிற்றில் இறங்குவது, சுவர் ஏறுவது ஆகிய எல்லாவற்றிலும் உடலைத் தாங்குவது ‘ஹார்னஸ்’ எனும் பட்டை. அது தளர்வாக இருந்தால் ஆபத்து. தவறான இடத்தில் இறுகினாலும் ஆபத்து. அசையாமல் அதில் நீண்ட நேரம் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வரலாம். எனவே பிள்ளை விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு பாதிதான். நடுவில் சிக்கிக்கொண்ட பிள்ளையை எவ்வளவு விரைவாகக் கீழே இறக்குவார்கள் என்பது மறுபாதி.

படகுத் துடுப்பு நடவடிக்கை இருந்தால் மிதவைச் சட்டை கட்டாயம். கவிழ்ந்த படகிலிருந்து வெளியேறும் பயிற்சி முதலில் நடக்க வேண்டும். நீந்தத் தெரியாததை மறைக்காமல் சொல்லும்படி பிள்ளையிடம் கூறுங்கள். நண்பர்கள் முன் வெட்கப்பட்டு ‘தெரியும்’ என்று சொல்லிவிடும் பிள்ளைகள் உண்டு.

வெயிலும் மின்னலும்

உயரத்தைவிட அன்றாடம் கவனிக்க வேண்டியவை இவை இரண்டும். 2023 ஜூலையில் அறிமுகமான வெப்ப அழுத்த அறிவுரை, வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. அந்த அளவு 31 டிகிரிக்குக் கீழ் என்றால் குறைவு, 31 முதல் 33க்குக் கீழ் வரை மிதம், 33உம் அதற்கு மேலும் கடுமை. கடுமையான நேரத்தில் ஓட்டமும் நெடுநடையும் நிறுத்தப்பட்டு, நிழலில் முடிச்சுப் பயிற்சி நடப்பதுதான் நல்ல முகாமின் அடையாளம்.

மின்னலுக்கு எளிய விதி ஒன்று உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். கூடாரமோ மரத்தடியோ மின்னலிலிருந்து காக்காது.

இரவில் யார் பார்த்துக்கொள்வார்கள்?

பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளிடமிருந்து தனியே தங்குவதும், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனித்து இல்லாமல் பார்த்துக்கொள்வதும் உலகச் சாரணர் இயக்கம் வலியுறுத்தும் பாதுகாப்பு நெறிகள்.

ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போகப் பயப்படும் பிள்ளை முதலில் எழுப்பப்போவது ஆசிரியரை அன்று. பக்கத்தில் படுத்திருக்கும் அணித் தோழனை. சாரணர் முறையின் உயிர் இந்த அணியில்தான் இருக்கிறது. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள். அவர்களுள் ஒருவர் தலைவர். ஒருவர் சமையல், ஒருவர் விறகு, ஒருவர் முதலுதவிப் பெட்டி. வீட்டில் தட்டைக்கூட எடுத்துவைக்காத பிள்ளை இங்கே அரிசி கழுவாவிட்டால் ஏழு பேருக்குச் சாப்பாடு இல்லை. ஏறுவதும் சறுக்குவதும் புகைப்படத்தில் நன்றாக இருக்கும். பிள்ளையிடம் மாற்றத்தைக் கொண்டுவருவது அந்த அரிசிப் பாத்திரம்தான்.

கடைசி இரவில் தீமூட்டம். அணிக்கு அணி ஒரு பாட்டு, ஒரு குட்டி நாடகம். மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாததால் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கும் அங்கே குரல் வரும். பல இனப் பிள்ளைகள் உள்ள அந்த வட்டத்தில் நம் பிள்ளை ஒரு தமிழ்ப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தால் மற்றவர்களும் சேர்ந்து பாடுவார்கள்.

செலவு

பணம் ஒரு தடையாக இருந்தால் பள்ளியிடம் தயங்காமல் பேசலாம். சிங்கப்பூர்க் குடிமக்களான மாணவர்களின் எடுசேவ் கணக்கில் ஆண்டுதோறும் தொடக்கப்பள்ளிக்கு 230 வெள்ளியும் உயர்நிலைப்பள்ளிக்கு 290 வெள்ளியும் சேர்கின்றன. பள்ளி ஏற்பாடு செய்யும் முகாம்களுக்கு அதைப் பயன்படுத்த வழி உண்டு. பொருள்களையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பழைய காலணி, முழுக்கைச் சட்டை, மழைச்சட்டை, கொசு மருந்து, கைவிளக்கு, தண்ணீர்ப் புட்டி போதும். ஈரத் துணிக்கு இரண்டு நெகிழிப் பைகள் வையுங்கள்.

தட்டும் முன் கேட்க வேண்டியவை

ஒன்று, எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர்? இரவிலும் அதே எண்ணிக்கையா?

இரண்டு, உயர நடவடிக்கையில் நடுவில் சிக்கிய பிள்ளையை யார், எப்படி இறக்குவார்?

மூன்று, மின்னல் வந்தால் எந்தக் கட்டடத்துக்குள் போவார்கள்?

நான்கு, அருகில் உள்ள மருத்துவமனை எது? அவசரத்துக்கு வாகனம் முகாமிலேயே நிற்குமா?

ஐந்து, ஒரு நடவடிக்கையைச் செய்யப் பயமாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வார்கள்?

ஐந்தாவதற்கு வரும் பதிலை வைத்தே முகாமை எடைபோடலாம். ‘கட்டாயப்படுத்த மாட்டோம், வேறு பொறுப்பு கொடுப்போம்’ என்றால் நிம்மதியாகச் சம்மதிக்கலாம்.

இக்கேள்விகளைக் கேட்பதால் பள்ளி உங்களைத் தவறாக நினைக்காது. ஒழுங்காகத் திட்டமிட்டவர்களிடம் பதில் தயாராக இருக்கும். என் அம்மாவிடமும் கேள்விகள் இருந்தன. எங்கே கேட்பது என்றுதான் தெரியவில்லை.

முகாம் முடிந்து பிள்ளை வரும்போது பை முழுக்க ஈரத் துணியும் மண்ணும் இருக்கும். ‘பத்திரமாக இருந்தாயா’ என்று கேட்டபின், வீட்டில் கிடக்கும் ஒரு கயிற்றை எடுத்துக் கொடுத்து, கற்றுவந்த முடிச்சைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.