வீட்டில் அமைக்கும் ஒலி விரியலாக்கியும் காவலிட்ட இணைப்பிகளும்

ஒலி விரியலாக்கி ஒன்றைத் தம் கையாலே அமைக்க முற்படுவோர் திரான்சிற்றர், நிலைமாற்றி, கொள்ளளவி ஆகியவற்றைத் தெரிவதிற் பல நாள்களைச் செலவிடுவர். பெட்டியின் பின்புறத் தகட்டிலே பொருத்தப்படும் இணைப்பிகளையோ இறுதி நாளிற் கடைக்குச் சென்று, பளபளப்பானதை அல்லது மலிவானதை வாங்கி வருவர். பின்னர் விரியலாக்கியை இயக்கியதும் இசைக்கு முன்னரே ஒலிபெருக்கியிலிருந்து ஒரு முரலொலி எழும். குற்றம் சுற்றிலே உளதென எண்ணி, நல்ல உறுப்புகளையெல்லாம் கழற்றி மாற்றுவோரும் உளர். குற்றம் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. இணைப்பியின் உலோகம் பெட்டியின் உலோகத்தைத் தொடுகின்ற இடத்திலே இருக்கின்றது.

காவலிட்ட இணைப்பி என்பது யாது? செருகியைப் பிடிக்குமிடத்திற் பிளாத்திக்கு உறை இருத்தல் மட்டும் போதாது. தகட்டிலே துளையிட்டு ஒரு குதையைப் பொருத்தி நட்டை முடுக்கிய பின்னர், குதையின் எந்த உலோகப் பகுதியும் தகட்டோடு மின்தொடர்பு கொள்ளாதிருத்தல் வேண்டும். இதுவே அதன் இலக்கணம். இவ்விலக்கணம் விலையைப் பொறுத்ததன்று என்பது பலருக்கு வியப்பாகத் தோன்றலாம். கால் அங்குலச் செருகிக்குரிய குதைகளுள், முழுவதும் பிளாத்திக்கால் ஆன மலிவான வகை இயல்பாகவே காவலிடப்பட்டது; திண்ணிய உலோகக் கழுத்துடைய விலையுயர்ந்த வகையோ நட்டு வழியாகத் தன் புறமுனையைப் பெட்டியோடு இணைத்துவிடும்.

முரலொலி எழுமாற்றைச் சிறிது விளங்கிக்கொள்ளல் வேண்டும். இசைக்கருவியிலிருந்து இடம், வலம் என இரு வடங்கள் விரியலாக்கிக்கு வருகின்றன. ஒவ்வொரு வடத்திலும் நடுவே சைகைக் கம்பியும், அதனைச் சூழ்ந்து திரும்புபாதையான கவசமும் உள. இக்கவசங்கள் இரண்டும் இசைக்கருவியின் உள்ளே முன்னரே ஒன்றாக இணைந்திருப்பன. காவலிடாத குதைகள் மூலம் அவை பெட்டியின் தகட்டிலும் இணையுமாயின், மூடிய வளையம் ஒன்று உண்டாகிறது. நிலைமாற்றியிலிருந்து கசியும் 50 ஏட்சு மீடிறனுடைய காந்தப்புலம் அவ்வளையத்தினூடே செல்லும்போது அதில் ஓட்டம் தூண்டப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, 10 மில்லியம்பியர் ஓட்டம் 0.1 ஓம் தடையுடைய கவசத்திற் பாய்ந்தால், 1 மில்லியுவோற்று அழுத்தம் தோன்றும். அவ்வழுத்தம் சைகையோடு கூடிக்கொள்ளும். விரியலாக்கி அதனை இருபது மடங்காக்கினால், ஒலிபெருக்கியில் 20 மில்லியுவோற்று கிடைக்கும். பகலின் ஆரவாரத்தில் அது தெரியாது. இரவு அமைதியில், மெல்லிய ஆலாபனையின் இடைவெளியில், நன்றாகவே கேட்கும். சீராக்கியிலிருந்து கொள்ளளவிகளுக்குப் பாயும் 100 ஏட்சு ஓட்டத் துடிப்புகள் பெட்டியின் தகட்டையும் ஒரு வழியாகக் கொள்ளுமாயின், முரலல் இன்னும் கரகரப்பாகும்.

இதற்கு மருந்து எளிது. உள்வரும் குதைகள் யாவற்றையும் தகட்டிலிருந்து காவலிட்டு, அவற்றின் திரும்புமுனைகளைச் சுற்றின் புவிப்புள்ளிக்குக் கொணர்ந்து, அப்புள்ளியை ஒரேயோர் இடத்திற் பெட்டியோடு தொடுத்தல் வேண்டும்.

1930களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் அறிமுகஞ் செய்த, அதன் பெயராலேயே வழங்கும் சிறு குதை இன்றும் வீட்டு இசைக்கருவிகளில் எங்கும் காணப்படுகிறது. வானொலிப் பெட்டியோடு இசைத்தட்டுக் கருவியை இணைப்பதற்கென எழுந்த எளிய அமைப்பு அது. செருகும்போது நடுமுனை முதலிலும் கவசம் பின்னரும் தொடுவதால், இயங்கும் விரியலாக்கியிற் செருகினால் பேரிரைச்சல் எழும். அக்குறையை உலகம் பொறுத்துக்கொண்டது. இக்குதையை வாங்குவோர் அதனோடு இரு நைலோன் வாசர்கள் தரப்படுகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். ஒன்று தட்டையானது, மற்றது துளையினுள்ளே நுழையும் தோளுடையது. தோளுடைய வாசர் இல்லையெனின் மற்றது இருந்தும் பயனில்லை. ஏனெனில் குதையின் புரி துளையின் விளிம்பைத் தொட்டுவிடும். துளையையும் குதையின் புரியளவிற்கன்றி வாசரின் தோளளவிற்கே இடல் வேண்டும். இங்குத் தவறுவோர் பலர். தகட்டின் மேலுள்ள வண்ணப்பூச்சே காவலியாகும் எனக் கருதுவதும் பிழை. நட்டை முடுக்கும்போது பூச்சு உரிந்துவிடும். அன்றே உரியாவிடினும் ஆறு மாதத்திற்குப் பின் உரியும். அப்பொழுது தோன்றும் முரலலின் காரணத்தைத் தேடுவது மிகக் கடினம்.

ஒலிபெருக்கிக்குரிய வெளிமுனைகளைப் பற்றிய செய்தி சற்று வேறானது. இங்கு முரலலினும் பெரிதான கேடு உண்டு. இந்நாளில் மலிவாகக் கிடைக்கும் டி வகுப்பு விரியலாக்கிப் பலகைகளுட் பல பால அமைப்பில் இயங்குவன. அவற்றின் ஒலிபெருக்கி முனைகளுள் எதுவும் புவிமுனை அன்று. கறுப்பு நிறமுடையது புவிமுனையே என்னும் பழைய பழக்கத்தால் அதனைத் தகட்டோடு தொடவிட்டால், காப்பமைப்பு இல்லாத பலகை நொடிப்பொழுதில் அழியும். ஆகவே சிவப்பு, கறுப்பு இரண்டையும் ஒரே கவனத்தோடு காவலிடல் வேண்டும்.

இனி விலை. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 40 உவாற்று வலுவை அளிக்கும் விரியலாக்கியிலிருந்து ஏறக்குறைய 18 உவோற்றில் 2.2 அம்பியர் ஓட்டமே செல்கின்றது. இணைப்பி ஒவ்வொன்றினதும் தொடுகைத் தடை 10 மில்லியோம் எனக் கொண்டாலும், இரண்டிலும் சேர்ந்து இழக்கப்படும் வலு 0.1 உவாற்றே, நானூற்றில் ஒரு பங்கு. எச்செவியும் அதனை அறியாது. பொன் முலாம் இத்தடையைக் குறைப்பதனால் இசை தெளிவடையும் என்னும் விளம்பரத்திற்கு இக்கணக்கே போதிய மறுமொழி. பொன்னுக்குள்ள உண்மையான சிறப்பு அது கறுக்காமை. சிறு சைகைகள் செல்லும் உள்வரும் குதைகளில், கடற்காற்று வீசும் ஊர்களில், அச்சிறப்பு ஓரளவு பயன்படலாம். ஒலிபெருக்கி முனைகளுக்கு நிக்கல் முலாமிட்ட பித்தளை முற்றிலும் போதும்.

பித்தளையென விற்கப்படுவது பித்தளைதானா என அறிய, சிறு காந்தம் ஒன்றைச் சட்டைப் பையிற் கொண்டுசெல்லலாம். இரும்பாயின் காந்தம் இறுகப் பற்றும். நிக்கலும் காந்தத்தாற் கவரப்படும் உலோகமே. ஆயினும் மெல்லிய முலாமாக இருக்கும்போது அக்கவர்ச்சி மிகச் சிறிது. இரண்டு மூன்று பொருள்களைத் தொட்டுப் பார்த்தால் வேறுபாடு கைக்குப் புலப்படும். இரும்புத் துண்டுக்கு மேலே பொன்னிறம் பூசியதை வாங்குபவர் ஒரு மாரிகாலத்திற்குள் துருவைக் காண்பார்.

காவலிப் பொருளையும் நோக்குதல் நன்று. பற்றாசுக்கோலின் நுனி ஏறத்தாழ 350 பாகை வரை சூடேறும். நைலோன் அதற்குப் பல பாகை கீழேயே உருகிவிடும். பற்றாசு பிடிக்கும்போது முளை சரிந்து தகட்டைத் தொடுவது இதனாலேயே. குதையிற் பொருத்தமான செருகி ஒன்றைச் செருகிவைத்து, விரைவாகப் பற்றாசு பிடித்தால் வெப்பத்தின் ஒரு பகுதியைச் செருகி ஏற்றுக்கொள்ளும், நடுமுனையும் சரியாது. பேக்கலைற்று உருகாது, ஆனால் நட்டை மிகையாக முடுக்கினால் வெடிக்கும்.

வாழைச்செருகி எனப்படும் 4 மில்லிமீற்றர்ச் செருகியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இவற்றிற்கான முளைகளை 19 மில்லிமீற்றர் இடைவெளியில் அமைப்பது வழக்கம். ஐரோப்பிய மின்செருகிகளின் வட்டக் கால்களும் அதே இடைவெளியினவே. இலங்கையிற் பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் வட்டத்துளைக் குதைகளின் துளைகள் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் அகலமுடையன; இடைவெளியும் அதுவே. மூடுதகடு இல்லாத அத்தகைய குதையினுள்ளே ஒலிபெருக்கி வடத்தின் இரட்டைச் செருகி தடையின்றி நுழையும். குழந்தைகள் உள்ள வீட்டில் 230 உவோற்று ஆடலோட்டம் ஒலிபெருக்கி வடத்திற்கு வருவதற்கு இத்தகைய ஒரு விளையாட்டே போதும். அங்கு வடத்தின் முனையை முளையின் குறுக்குத் துளையில் நுழைத்துத் திருகிவிடுவதே நன்று. செருகி வேண்டுமெனின், 1987இல் நியூட்ரிக் நிறுவனம் வெளியிட்ட சுழற்றிப் பூட்டும் ஒலிபெருக்கி இணைப்பியின் வகையைத் தெரியலாம். அதன் உலோகத்தை விரல் தீண்ட இயலாது; மின்குதையிலும் அது நுழையாது. விலை சற்றுக் கூடினும், பணத்தைச் செலவிடத் தக்க இடம் பொன் முலாமன்று, இதுவே.

பிரதான மின் உள்வரும் இடத்திலே மட்டும் சிக்கனம் ஆகாது. உருகியோடு கூடிய, தரமறியப்பட்ட 10 அம்பியர் உள்வாயிலை வாங்கி, அதன் புவிமுனையைப் பச்சை மஞ்சட் கம்பியால், பூச்சுச் சுரண்டிய வெறுந் தகட்டிலே பல்வாசரோடு இறுக்கித் தொடுத்தல் வேண்டும். முரலலை நிறுத்த இப்புவித்தொடுப்பை அறுத்துவிடுமாறு கூறும் நண்பர்கள் எவ்வூரிலும் உளர். அறுத்தவுடன் முரலல் சில வேளைகளில் நிற்பதும் மெய்யே. ஆயின் நிலைமாற்றியின் காவலி பழுதடையும் நாளிற் பெட்டி முழுவதும் 230 உவோற்றில் நிற்கும், உருகியும் உருகாது, தொடுபவர் கையே புவிக்கு வழியாகும். முரலலை ஒழிக்க வேண்டிய இடம் சைகைக் குதையின் நைலோன் வாசரே.

கம்பிகளைத் தொடுப்பதற்கு முன்னர்ப் பல்மானியை எடுத்து, வெறும் பெட்டியிற் பொருத்திய ஒவ்வொரு குதையினதும் புறமுனைக்கும் தகட்டிற்கும் இடையிலுள்ள தடையை அளக்க வேண்டும். எங்கும் முடிவிலியே காட்டல் வேண்டும். செருகியைச் செருகி அசைத்தும் மறுமுறை பார்த்தல் வேண்டும். எல்லாம் தொடுத்த பின்னரும் முரலல் கேட்குமாயின், நடுமுனையும் கவசமும் குறுக்கிணைத்த வெற்றுச் செருகிகளை இரு குதைகளிலும் இட்டுப் பார்க்கலாம். முரலல் நின்றால் காரணம் வெளியே, வடங்களிலோ இசைக்கருவியிலோ உளது. நில்லாதாயின், ஆளியை மூடி, மின்வடத்தையும் கழற்றி, கொள்ளளவிகள் மின்னிறங்கும்வரை பொறுத்து, நிலைமாற்றியின் திருகைத் தளர்த்திச் சிறிது திருப்பிவைத்து மீண்டும் கேட்டல் வேண்டும்.