உங்களுக்குத் தெரியுமா? பானை ஓடு சொன்ன காலக்கணக்கு

புதுச்சேரி பாரதி பூங்காவை அடுத்த செயின்ட் லூயி தெருவில், பழைய பிரெஞ்சுப் பாணிக் கட்டடத்தில் இயங்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா துண்டுகள், அதாவது மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து மது, ஆலிவ் எண்ணெய் போன்றவற்றைக் கப்பலில் கொண்டுவந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த பகுதிகள், பாதுகாக்கப்படுகின்றன. அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், இத்தாலியின் அரெட்சோ நகரத்தால் பெயர்பெற்ற அரெட்டைன் என்னும் செந்நிற மட்கலங்களின் காலம் ஏற்கெனவே அறியப்பட்டிருந்ததால், அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பானைகளின் காலத்தையும் கணித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான காலவரையறை ஒன்று இவ்வாறே வாய்த்தது.