ஆறு ஆபீஸ், ஒரு பள்ளத்தாக்கு! பழஞ்சின்னங்களுக்கு யார் பொறுப்பு?

மேகமலைக்கு ஏறுகிறவர்கள் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டி, கீழே ஒரு பார்வை பார்ப்பது வழக்கம்.

கீழே தெரிவது கம்பம் பள்ளத்தாக்கு. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்... வரிசையாக ஊர்கள். வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல் என்று கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை!

இந்தப் பச்சைக்கு யார் காரணம் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்: "பென்னிகுவிக்!"

சரி, அந்தப் பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? முனிசிபாலிட்டியிலா? கலெக்டர் ஆபீசிலா? பொதுப்பணித் துறையிலா?

பெரியவர்களே தலையைச் சொறிவார்கள்!

ஆளுக்கு ஒரு பங்கு

கூடலூரை அடுத்த லோயர்கேம்பில் இருக்கிறது அந்த மணிமண்டபம். 2013 ஜனவரி 15-ந் தேதி, அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா திறந்து வைத்தார். அன்று பென்னிகுவிக்கின் பிறந்த நாள். தமிழ்நாட்டில் தலைவர்களின் மணிமண்டபங்களைப் பார்த்துக்கொள்வது செய்தி மக்கள் தொடர்புத் துறை.

அவர் கட்டிய முல்லைப்பெரியாறு அணையோ நீர்வளத் துறை வசம். 1895-ல் திறக்கப்பட்ட அணை. நிற்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு!

உத்தமபாளையத்துக்கு வாருங்கள். திருக்குணகிரி என்ற பாறையில் ஆயிரம் ஆண்டு தாண்டிய சமணச் சிற்பங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டுகள். இவை தொல்லியல் துறை சமாச்சாரம். பள்ளத்தாக்கின் பழைய கோவில்கள் அறநிலையத் துறை சமாச்சாரம். மேகமலைக் காடு வனத்துறைக்கு. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். மலைமேல் இருக்கும் எஸ்டேட் ஊர்களுக்கு ஹைவேவிஸ் பேரூராட்சி, அடிவாரத்து ஊர்களுக்கு முனிசிபாலிட்டியும் பஞ்சாயத்தும் என்று உள்ளாட்சித் துறைக்கு ஒரு பங்கு.

எண்ணிப் பார்த்தால் ஆறு துறை! அவரவருக்கு அவரவர் வேலை. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஆறு பேரின் பட்டியலிலும் வராத ஒரு பழைய சத்திரம், ஒரு நாடகக் கொட்டகை, வயக்காட்டு ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் எழுத்துக் கல்... இதற்கெல்லாம் யார்?

மதுரையில் கிளம்பிய புயல்

பட்டியல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021-ல் மதுரை பார்த்தது.

நத்தம் ரோட்டில் பொதுப்பணித் துறை வளாகத்தில் கலைஞர் நூலகம் கட்ட இடம் குறித்தார்கள். உடனே கிளம்பியது புயல்! "அது பென்னிகுவிக் வாழ்ந்த வீடு. இடிக்கக் கூடாது" என்றது ஒரு தரப்பு. "அவர் அங்கே வாழவே இல்லை" என்றது அரசு தரப்பு. விவகாரம் சட்டசபை வரை போனது.

அரசு தரப்பு ஆவணத்தைக் காட்டியது. அதன்படி அந்தக் கட்டடம் 1912-ல் தொடங்கி 1913-ல் முடிந்தது. பென்னிகுவிக் இங்கிலாந்தில் காலமானதோ 1911 மார்ச் 9-ந் தேதி! செத்துப்போன பிறகு கட்டிய வீட்டில் எப்படிக் குடியிருப்பார் என்று கேட்டார்கள். நூலகம் எழுந்தது. 2023 ஜூலை 15-ந் தேதி திறக்கப்பட்டது.

யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதல்ல விஷயம். எந்தக் கட்டடம் எந்த வருஷத்தது, யார் இருந்தார்கள் என்று ஊரறிய ஒரு பதிவேடு இருந்திருந்தால், இத்தனை கூச்சலும் ஐந்து நிமிஷத்தில் அடங்கியிருக்கும்.

அங்கே அணைக்கட்டு நாயகன் பேர் இருந்ததால் சண்டையாவது நடந்தது. பேர் தெரியாத கட்டடமாக இருந்தால்? சத்தமில்லாமல் இடித்துவிட்டுப் போவார்கள்!

தப்பித்த மூன்று கல்

ஆண்டிபட்டி பக்கம் புலிமான்கோம்பை என்று ஒரு கிராமம். வைகைக் கரை ஊர். 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மூன்று கற்களைக் கண்டார்கள். சாதாரணக் கல் போலத்தான் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் தமிழ்-பிராமி எழுத்து!

அத்தனையும் நடுகற்கள். வயது ஈராயிரம் ஆண்டுக்கும் மேல்! எழுத்துள்ள நடுகற்களில் இவற்றைவிடப் பழையது அதுவரை கிடைத்ததில்லை.

ஒரு கல்லில் "கூடல் ஊர்" என்று வருகிறது. அங்கே நடந்த மாடு பிடி சண்டையில், அதாவது "ஆகோளில்", மாண்ட வீரனுக்கு எடுத்த கல் அது. அந்தக் கூடலூர் நம்ம கம்பத்துப் பக்கத்துக் கூடலூராக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

படிக்கத் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டதால் அந்தக் கற்கள் தப்பின. துணி துவைக்கவோ, வீட்டு வாசல் படிக்கோ போயிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

"அதுக்கு நாம என்ன பண்றது?" என்று கேட்கலாம். செய்து காட்டிய ஊர்கள் உண்டு.

பம்பாய் மாநகரம் 1995-லேயே பழைய கட்டடங்களைப் பட்டியல் போட்டு, அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2010-ல் சென்னை ஐகோர்ட்டு, நீதிபதி பத்மநாபன் கமிட்டி பட்டியலில் இருந்த 467 கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆனால் அந்தப் பட்டியல் சென்னைப் பெருநகரத்தோடு சரி. தேனிப் பக்கம் எட்டவில்லை. மாநிலம் முழுவதற்கும் மரபுச் சின்ன ஆணையம் அமைக்க 2012-ல் சட்டம் வந்தது. அது அமலுக்கு வரவே பல வருஷம் பிடித்தது.

ஆனால் ஊரில் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்க கோட்டை உத்தரவு வர வேண்டும் என்பதில்லை. முனிசிபாலிட்டி கவுன்சிலில் ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

சின்னம் எது, எங்கே இருக்கிறது, எத்தனை வயசு, எந்தத் துறை பொறுப்பு, புகார் சொல்ல எந்த போன்? ஐந்தே கேள்வி! இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம், ஒவ்வொரு இடத்திலும் ஒரு தகரப் பலகை. கோடிக் கணக்கில் செலவு இல்லை. புகார் சொல்ல வருகிறவனும் ஆறு ஆபீஸ் படி ஏற வேண்டியதில்லை.

பொங்கல் பானை

ஜனவரி 15 வந்தால் லோயர்கேம்பில் கூட்டம் கூடும். தேனி அருகே பாலார்பட்டியில் ஊரே கூடிப் பொங்கல் வைக்கும். வீட்டுச் சுவரிலும் கடைச் சுவரிலும் சாமி படத்தோடு பென்னிகுவிக் படமும் தொங்கும்.

மணிமண்டபம் வந்த பிறகு தொடங்கிய பாசம் அல்ல இது. தண்ணீர் குடித்த சனங்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட நன்றி.

நன்றிக்கு இங்கே பஞ்சம் இல்லை. பதிவேடுதான் இல்லை. அந்த நோட்டுப் புத்தகத்தை முதலில் திறக்கப் போகிற முனிசிபாலிட்டி எது... சின்னமனூரா, கம்பமா, கூடலூரா?